இன்ஸ்டால் ஆகவில்லையா? ஃபார்மட் அடிக்கும் முன் இதைப் படியுங்கள்

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் போன வாரம் சாயங்காலம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பாடத்துக்குப் பைத்தான் என்ற நிரல் மொழி வேண்டும், இன்ஸ்டால் ஆக மாட்டேன் என்கிறது.

"என்னம்மா சொல்லுது?"

"எரர்னு வருது மாமா."

"சரி, எரர்ல என்ன எழுதியிருக்கு?"

"படிக்கல மாமா, ஓகே குடுத்துட்டேன்."

அதற்குள் அவள் அப்பா தெரிந்த கடை ஒன்றுக்குப் போன் போட்டிருந்தார். ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடும், கொண்டு வாருங்கள் என்று பதில் வந்திருக்கிறது. ஃபார்மட் அடித்தால் கணினியில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். அந்தக் கணினியில் ஆறு வருடக் குடும்பப் படங்கள் இருந்தன, வேறெங்கும் பிரதி இல்லை.

மறுபடியும் அதே ஃபைலைத் திறந்து, வந்த பெட்டியை இருவரும் சேர்ந்து படித்தோம். விஷயம் அதிலேயே இருந்தது. அவளுடைய கணினியில் ஓடுவது விண்டோஸ் 7. பைத்தான் 3.9 முதலான பதிப்புகள் விண்டோஸ் 7இல் ஏறாது. 3.8 தான் அதற்குக் கடைசி. பைத்தானின் சொந்தத் தளத்துக்குப் போய் 3.8ஐ இறக்கினோம், கால் மணி நேரத்தில் முடிந்தது. பள்ளிப் பாடத்துக்கு அது தாராளமாகப் போதும்.

வீட்டில் கணினி வைத்திருக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். மென்பொருள் ஏறாமல் போவதற்குப் பெரும்பாலும் சின்னக் காரணம்தான் இருக்கும். அதைத் தேட நீங்கள் கணினி படித்திருக்க வேண்டியதில்லை. எந்தக் கட்டத்தில் நின்றது என்று கவனித்தால் போதும். கீழே சொல்வதெல்லாம் விண்டோஸ் 10, 11 கணினிகளை மனதில் வைத்து.

முதலில், அந்தப் பெட்டியை மூடாதீர்கள்

எரர் பெட்டி வந்ததும் கை தானாக ஓகேக்குப் போகும். அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். பெட்டி திறந்திருக்கும்போதே கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு சி விசையைத் தட்டுங்கள். விண்டோஸின் வழக்கமான எரர் பெட்டியாக இருந்தால் அதிலுள்ள எழுத்து முழுவதும் காப்பி ஆகிவிடும். நோட்பேடைத் திறந்து பேஸ்ட் செய்து சேமித்து வையுங்கள். பலருக்கு இந்த வசதி இருப்பதே தெரியாது. அது வேலை செய்யாத பெட்டி என்றால் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எண் ஏதாவது இருந்தால் அது படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

அப்புறம் ஒரு கேள்வி: எப்போது நின்றது? ஃபைலை டபுள் கிளிக் செய்த உடனேயா, பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருக்கும்போது பாதியிலா, இல்லை எல்லாம் முடிந்து மென்பொருளைத் திறக்கும்போதா? இந்த மூன்றுக்கும் காரணங்கள் வேறு வேறு.

எந்தக் கட்டமாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: ரீஸ்டார்ட். ஷட் டவுன் செய்து மறுபடி ஆன் செய்வது இதற்குச் சமம் இல்லை. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி இருக்கிறது. அது ஆனில் இருந்தால், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் உள்நிலையை வட்டில் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதையே எடுத்து வைத்துக்கொள்ளும். பழைய சிக்கலும் கூடவே வந்துவிடும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

தொடங்கவே இல்லை என்றால்

புதியவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது ஜிப் ஃபைல் சிக்கல். இறக்கிய ஜிப்பை டபுள் கிளிக் செய்தால் ஃபோல்டர் மாதிரியே திறக்கும். உள்ளே செட்அப் தெரியும், அதை அங்கேயே தட்டுவார்கள். ஆனால் அந்த செட்அப்புக்குப் பக்கத்தில் இருக்கும் மற்ற ஃபைல்களும் தேவை. ஜிப்புக்குள் இருந்து ஓட்டும்போது விண்டோஸ் செட்அப்பை மட்டும் தற்காலிக இடத்துக்கு எடுத்துப் போகும். அது தன் துணை ஃபைல்களைத் தேடிக் காணாமல் நின்றுவிடும். ஏதோ ஒரு ஃபைலைக் காணவில்லை என்று எரர் வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஜிப்பின் மேல் வலது கிளிக் செய்து எக்ஸ்ட்ராக்ட் ஆல் கொடுங்கள். பிரித்து வைத்த ஃபோல்டருக்குள் போய் செட்அப்பை ஓட்டுங்கள். பிரிக்கும் இடம் சி டிரைவின் மேல்மட்டத்தில் சின்னப் பெயருள்ள ஃபோல்டராக இருந்தால் நல்லது. ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய் முகவரி 260 எழுத்துகளைத் தாண்டினால் பல மென்பொருள்கள் திணறும்.

அடுத்தது அரைகுறை டவுன்லோட். நடுவில் நெட் விட்டுப்போனால் சில நேரம் ஃபைல் முழுமையாக வந்தது போலவே காட்டும். தளத்தில் 240 எம்பி என்று போட்டிருக்க, உங்களிடம் இருப்பது 90 எம்பி என்றால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை. அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள். ஃபைல் கெட்டிருக்கிறது என்று செட்அப்பே சொன்னாலும் இதே வைத்தியம்தான்.

இந்த ஆப் உங்கள் பிசியில் ஓடாது என்று விண்டோஸ் சொன்னால் விண்டோஸும் மென்பொருளும் 32 பிட் வகையா, 64 பிட் வகையா என்று பார்க்க வேண்டும். செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போனால் சிஸ்டம் டைப் என்ற வரியில் இருக்கும். 64 பிட் விண்டோஸில் 32 பிட் மென்பொருளும் ஓடும், 32 பிட் விண்டோஸில் 64 பிட் மென்பொருள் ஓடாது. 1990களின் பழைய சிடிகளில் 16 பிட் இன்ஸ்டாலர்கள் இருக்கும், அவை பெரும்பாலும் 64 பிட் விண்டோஸில் எழாது. விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும்தான். புதுக் கணினி வாங்கியதும் பழைய சிடி ஓடவில்லை என்றால் சிடி கெட்டுவிட்டதாக நினைத்துவிட வேண்டாம்.

புதிதாக வாங்கிய மடிக்கணினியில் எந்த மென்பொருளை இறக்கினாலும் ஸ்டோரிலிருந்து மட்டுமே இன்ஸ்டால் செய்ய முடியும் என்று சொல்கிறதா? அது எஸ் மோடில், அதாவது மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் மென்பொருள்களை மட்டும் அனுமதிக்கும் நிலையில், இருக்கலாம். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்திலிருந்து வெளியே வரலாம், காசு கிடையாது. ஆனால் வெளியே வந்தபின் திரும்பிப் போக வழியில்லை. வயதானவர்கள் பார்க்கவும் பேசவும் மட்டும் வைத்திருக்கும் கணினி என்றால் அப்படியே விடுவது பாதுகாப்பு என்பது என் எண்ணம்.

உங்கள் பிசியை விண்டோஸ் காப்பாற்றியது என்று நீலப் பெட்டி வரும் சமயம் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மோர் இன்ஃபோவைத் தட்டி ரன் எனிவே கொடுத்தால் ஓடும், உண்மைதான். கொடுக்கும் முன் அந்த ஃபைல் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மென்பொருளைச் செய்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்து நீங்களே இறக்கியது என்றால், அதிகம் பேர் பயன்படுத்தாத சின்ன மென்பொருளுக்கும் இந்த எச்சரிக்கை வரும், பயமில்லை. தேடலில் மேலே விளம்பரமாக வந்த ஏதோ ஒரு தளம், பெரிய பச்சை டவுன்லோட் பட்டன், வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய இணைப்பு என்றால் பெட்டியை மூடிவிட்டு ஃபைலையும் அழித்துவிடுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள் என்று, காசு கொடுக்காமல் மென்பொருளின் பூட்டை உடைக்கும் கிராக் ஃபைலுடன் ஒரு குறிப்பு வரும். தயவுசெய்து செய்யாதீர்கள். ஸ்டாப் என்று அறியப்படும் ரான்சம்வேர் வகை வீட்டுக் கணினிகளுக்குள் நுழைந்தது பெரும்பாலும் இப்படிப்பட்ட கிராக்குகளின் வழியாகத்தான். படங்கள், ஆவணங்கள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். காசு கொடுத்து வாங்க முடியவில்லை என்றால் கடிதம், கணக்கு எழுத லிப்ரேஆபிஸ், படங்களைத் திருத்த கிம்ப், வரைய இங்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. வீட்டுத் தேவைக்கு அவை போதும் என்று பல வருடமாகப் பயன்படுத்திய அனுபவத்தில் சொல்கிறேன்.

பாதியில் நின்றால்

முதலில் இடம். 2 ஜிபி மென்பொருளுக்கு 2 ஜிபி இடம் போதும் என்று நினைக்கிறோம். இன்ஸ்டாலர் முதலில் தன்னைத்தானே தற்காலிக ஃபோல்டரில் பிரித்துப் போடும், பிறகுதான் உரிய இடத்துக்கு நகர்த்தும். அந்தத் தற்காலிக ஃபோல்டர் சி டிரைவில் இருக்கிறது. அதனால் டி டிரைவில் இன்ஸ்டால் செய் என்று நீங்கள் சொன்னாலும் சி நிரம்பியிருந்தால் நடுவில் நின்றுவிடும். 80070070 என்று முடியும் எண் வந்தால் இடம் இல்லை என்று பொருள். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் போய் அழிக்கலாம். அழிக்கும் முன் அந்தப் பட்டியலை வரி வரியாகப் பாருங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் அதில் ஒரு வரியாக இருக்கும். அதில் டிக் விழுந்திருந்தால் நீங்கள் இறக்கி வைத்த மார்க்‌ஷீட், பில் எல்லாம் சேர்ந்து போய்விடும்.

அடிக்கடி வரும் சில எண்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1618 என்றால் வேறொரு இன்ஸ்டால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அது பெரும்பாலும் பின்னணியில் ஓடும் அப்டேட்டாக இருக்கும். காத்திருங்கள், முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்து மறுபடி முயலுங்கள். 80070005 என்றால் அனுமதி இல்லை. செட்அப் ஃபைலில் வலது கிளிக் செய்து ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுங்கள். 1638 என்றால் அந்த மென்பொருளின் வேறொரு பதிப்பு ஏற்கெனவே இருக்கிறது. 3010 எரரே இல்லை: இன்ஸ்டால் முடிந்துவிட்டது, ரீஸ்டார்ட் செய் என்கிறது.

1603 மட்டும் தொல்லை பிடித்தது. ஏதோ பெரிதாகத் தவறிவிட்டது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. வரிசையாக இப்படிப் போங்கள்: பழைய பதிப்பு இருந்தால் செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் நீக்குங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள், இடம் பாருங்கள், பிறகு அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டுங்கள். பெரும்பாலும் இதற்குள் வழிக்கு வந்துவிடும்.

யுபிஎஸ் இல்லாத கணினியில் இன்ஸ்டால் நடக்கும்போது கரண்ட் போனால் மென்பொருள் பாதி ஏறி நிற்கும். திறக்கவும் திறக்காது, நீக்கவும் முடியாது. அதே செட்அப்பை மறுபடி ஓட்டினால் ரிப்பேர் என்று ஒரு வாய்ப்பு வரலாம், அதை எடுங்கள். அதுவும் இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் தளத்தில் இன்ஸ்டால், அன்இன்ஸ்டால் சிக்கல்களுக்கென்றே ஒரு சின்ன இலவசக் கருவி இருக்கிறது. அது அரைகுறைப் பதிவுகளைத் துடைத்துவிடும்.

இனி நம்மவர்களுக்கென்றே வரும் ஒரு சிக்கல். விண்டோஸை முதன்முதலில் அமைக்கும்போது ஆசையாகத் தமிழில் பெயர் கொடுத்திருப்போம். சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். அங்கே உங்கள் ஃபோல்டரின் பெயர் தமிழ் எழுத்தில் இருக்கிறதா? விண்டோஸுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. சில இன்ஸ்டாலர்களுக்குத்தான், முக்கியமாக நிரல் எழுதும் கருவிகளுக்கு, ஆங்கில எழுத்தில்லாத முகவரியைப் படிக்கத் தெரியாது. தற்காலிக ஃபோல்டரும் உங்கள் பெயர் ஃபோல்டருக்குள்ளேயே இருப்பதால், வேறு டிரைவைத் தேர்ந்தெடுத்தும் தப்ப முடியாது. எரரில் முகவரி வரும் இடத்தில் கேள்விக்குறிகளோ கட்டங்களோ வரிசையாகத் தெரிந்தால் இதுதான் காரணம்.

செட்டிங்ஸில் போய்ப் பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றினால் போதும் என்று தோன்றும். அப்படி மாற்றினால் திரையில் தெரியும் பெயர்தான் மாறும், ஃபோல்டர் பெயர் பழையபடியே இருக்கும். ஃபோல்டரைக் கையால் மாற்றப் போய் உள்ளே நுழைய முடியாமல் போனவர்கள் உண்டு, அதில் இறங்க வேண்டாம். ஆங்கிலச் சிறிய எழுத்தில், நடுவில் இடைவெளி இல்லாமல், புதிதாக ஒரு கணக்கு தொடங்குங்கள். அதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கொடுத்து, அதில் நுழைந்து இன்ஸ்டால் செய்யுங்கள். பழைய கணக்கும் அதிலுள்ள ஃபைல்களும் அப்படியே இருக்கும். மொழியைக் கைவிட வேண்டியதில்லை: ஃபைல்களுக்குத் தமிழில் பெயர் வைப்பது தாராளமாக நடக்கும், யூசர் ஃபோல்டர் ஒன்றுதான் விதிவிலக்கு.

கடிகாரத்தையும் ஒரு பார்வை பாருங்கள். இன்று பல இன்ஸ்டாலர்கள் சின்னதாக வந்து, மீதியை நெட்டிலிருந்து இழுக்கும். கணினியில் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று இணைப்பே கிடைக்காது. தேதியைச் சரிசெய்தாலும் ஒவ்வொரு முறை மெயினை அணைத்துப் போடும்போது மறுபடி பின்னால் போகிறதென்றால் மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலான டெஸ்க்டாப்களில் 2032 என்று எண் போட்ட, காசு போல வட்டமான 3 வோல்ட் பேட்டரி அது. வாட்ச் கடையிலேயே கிடைக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்ற வேண்டும்.

ஏறிவிட்டது, திறக்க மாட்டேன் என்கிறது

எம்எஸ்விசிபி140 அல்லது விசிரன்டைம்140 என்ற டிஎல்எல் ஃபைலை (பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் துணை ஃபைல்) காணவில்லை என்று வந்தால் மென்பொருள் நன்றாகத்தான் இருக்கிறது. அது சாய்ந்து நிற்கும் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற பொதுத் தொகுப்பு உங்களிடம் இல்லை. மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாக இருக்கிறது. 64 பிட் விண்டோஸாக இருந்தாலும் எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டையும் போட்டுவிடுங்கள், ஏனென்றால் 32 பிட் மென்பொருளுக்கு முதலாவது வேண்டும். அந்த ஒரு டிஎல்எல்லை மட்டும் இறக்கித் தருகிறோம் என்று சொல்லும் தளங்கள் நிறைய. அவற்றிலிருந்து எடுத்துப் போடாதீர்கள். வைரஸ் பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 32 பிட்டும் 64 பிட்டும் மாறிப்போய் சி000007பி என்று முடியும் புது எரர் வந்து நிற்கும்.

பழைய பில் மென்பொருள்கள் டாட்நெட் 3.5 என்ற மைக்ரோசாஃப்டின் துணைத் தொகுப்பைக் கேட்கும். கன்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலைத் திறந்து அதற்கு டிக் போட்டால் பெரும்பாலும் தானே இறக்கிக்கொள்ளும். நெட் இருக்க வேண்டும்.

பிரிண்டர் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. பல பிரிண்டர்களில் யுஎஸ்பி கேபிளை இப்போது செருகு என்று செட்அப் சொல்லும் வரை செருகக் கூடாது. முன்கூட்டியே செருகினால் விண்டோஸ் தனக்குத் தெரிந்த டிரைவரை, அதாவது பிரிண்டரை இயக்கும் மென்பொருளை, போட்டுவிடும், பிறகு கம்பெனி செட்அப் பிரிண்டரைக் காணவில்லை என்று தேடிக்கொண்டே இருக்கும்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் இந்தக் கட்டத்தில் ஒரு இடறல் வந்தது. பைத்தான் ஏறிவிட்டது, நிரல் எழுத அதோடு வரும் ஐடில் திறக்கிறது, ஆனால் கட்டளை தட்டும் கறுப்புப் பெட்டியான கமாண்ட் பிராம்ப்டில் பைத்தான் என்று தட்டினால் அப்படி ஒன்று தெரியாது என்கிறது. செட்அப்பின் முதல் பக்கத்தில், அடியில், பாத்தில், அதாவது கட்டளைகளை விண்டோஸ் தேடும் இடங்களின் பட்டியலில், சேர்க்கவா என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. தானாக அதில் டிக் இருக்காது. நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று போகிறவர்கள் கண்ணில் அது படுவதில்லை. செட்அப்பை மறுபடி ஓட்டி மாடிஃபை கொடுத்து, கடைசிப் பக்கத்தில் என்விரான்மென்ட் வேரியபிள்ஸில் சேர்க்கும் கட்டத்துக்கு டிக் போட்டோம்.

எதற்கும் மசியவில்லை என்றால்

ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று ஆங்கிலத்தில் தட்டினால் ரிலையபிலிட்டி ஹிஸ்டரி வரும். நாள்வாரியாக ஒரு வரைபடம், தவறிய நாளில் சிவப்புக் குறி. அதைத் தட்டினால் எந்த மென்பொருள், எத்தனை மணிக்கு, என்ன எண்ணோடு நின்றது என்று இருக்கும். ஓகே கொடுத்து மூடிவிட்ட எரர்கூட இங்கே கிடைக்க வாய்ப்பு உண்டு.

எந்த மென்பொருளும் ஏறவில்லை என்றால் விண்டோஸின் சொந்த ஃபைல்களே கெட்டிருக்கலாம். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஆங்கிலத்தில் எஸ்எஃப்சி என்ற மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, வலப்பக்கம் சாய்ந்த கோடு, அதோடு ஒட்டி ஸ்கேன்நவ் என்று ஒரே சொல்லாகத் தட்டி என்டர் கொடுங்கள். நேரம் எடுக்கும், நடுவில் மூட வேண்டாம்.

விண்டோஸ் 7இன் ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10இன் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14இலும் முடிந்துவிட்டன. புது மென்பொருள்கள் இவற்றில் ஒவ்வொன்றாக ஏற மறுக்கத் தொடங்கும். குரோம் 2023இன் தொடக்கத்தில் 109ஆம் பதிப்போடு விண்டோஸ் 7ஐ விட்டுவிட்டது. இதை எந்தப் பழுதுபார்ப்பும் மாற்றாது. அந்தக் கணினிக்கு ஏற்ற பழைய பதிப்பைத் தயாரித்தவர்களின் தளத்திலேயே தேடுங்கள், அப்படிப்பட்ட கணினியில் வங்கி வேலை மட்டும் வேண்டாம்.

பிறரிடம் உதவி கேட்கும்போது நாலு விஷயம் சொல்லுங்கள்: விண்டோஸ் பதிப்பு, மென்பொருளின் பெயரும் பதிப்பும், எந்தக் கட்டத்தில் நின்றது, எரரில் இருந்த எழுத்து அப்படியே. கடைக்குத்தான் கொண்டு போக வேண்டும் என்றால், போகும் முன் படங்களையும் ஆவணங்களையும் ஒரு பென் டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்க்கிலோ காப்பி செய்து, அதை வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிட்டு வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பக்கத்து வீட்டில் அந்த ஆறு வருடப் படங்களை அன்று இரவே அப்படி எடுத்து வைத்துவிட்டார்கள்.